5 வருடம் அலென்ட்ரோனேட் முடிந்தது: நிறுத்துவதா, ஊசிக்கு மாறுவதா?

பிசியோ_தர்மபுரி

வணக்கம். இயன்முறை சிகிச்சைக்கு வரும் ஒரு அம்மாவைப் பற்றிய கேள்வி. மருந்தை முடிவு செய்வது என் வேலை இல்லை. ஆனால் குடும்பத்தார் மூன்று இடத்தில் மூன்று பதில் வாங்கி வந்திருக்கிறார்கள். திரும்ப டாக்டரிடம் போகும்போது எதைக் கேட்க வேண்டும், எந்தப் பரிசோதனையைக் கையில் கொண்டுபோக வேண்டும் என்றாவது சொல்லி அனுப்ப நினைக்கிறேன்.

வயது 71, எடை 46 கிலோ. 44 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிட்டது. பழைய சீட்டில் உயரம் 152 செ.மீ., இப்போது அளந்தால் 147. எலும்புப்புரைக்காக வாரம் ஒரு அலென்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரை 5 வருடமாகப் போகிறது. கூடவே தைராய்டு மாத்திரை 50 மைக்ரோகிராம், பான்டோபிரசோல், கால்சியம் கார்பனேட் 500.

டெக்சா ஸ்கேன் (எலும்பு அடர்த்தி பார்ப்பது; டி-ஸ்கோர் கீழே போகப்போக அடர்த்தி குறைவு): 5 வருடம் முன்பு முதுகெலும்பு டி-ஸ்கோர் −2.3, இடுப்பு −2.8. இப்போது வேறு ஊரில் எடுத்ததில் முதுகெலும்பு −1.6, இடுப்பு −2.7. கிரியாட்டினின் 1.1, கால்சியம் 8.9, வைட்டமின் டி 19. கடைவாய்ப்பல் ஒன்று எடுக்க வேண்டும் என்று பல் டாக்டர் சொல்லியிருக்கிறார். என்னிடம் வந்தது வலது தொடை வலிக்காக. இரண்டு மாதமாக இருக்கிறது, நடந்தால் கூடுகிறது.

ஒருவர் "5 வருடம் போதும், நிறுத்துங்கள்" என்கிறார். இன்னொருவர் வருடம் ஒருமுறை ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிட் போடலாம் என்கிறார். உறவினர் ஒருவர் 6 மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசிதான் நல்லது என்கிறார். எது சரி? முதுகெலும்பு ஸ்கோர் இவ்வளவு ஏறியிருப்பதால் எலும்பு பலமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

எண்டோ_கோவை

மருந்துப் பேச்சை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். நீங்கள் கடைசியில் எழுதிய தொடை வலிதான் இப்போது முதல் வேலை.

அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் ஆசிட் போன்ற பிஸ்பாஸ்போனேட் வகை மருந்தைப் பல வருடம் எடுத்த ஒருவருக்குத் தொடையிலோ கவட்டையிலோ புதிதாக வலி வந்தால், அது வேறு எதுவும் இல்லை என்று நிரூபணமாகும்வரை வித்தியாசமான தொடையெலும்பு முறிவின் முன்னறிகுறி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கீழே விழாமலே, நடக்கும்போதே, தொடையெலும்பின் தண்டுப் பகுதி குறுக்காக ஒடியும் முறிவு அது. வெளிப்பக்கப் புறணியில் சிறு கீறலாகத் தொடங்கி மாதக்கணக்கில் உள்ளே போகும். அந்த மாதங்களில் வலி மட்டும்தான் தெரியும்.

இன்றே இரண்டு தொடைக்கும் இடுப்பு முதல் முழங்கால் வரை முழு நீள எக்ஸ்ரே, முன்பக்கமும் பக்கவாட்டும். வலிக்கிற பக்கம் மட்டும் எடுத்து அனுப்பாதீர்கள். இந்தக் கோளாறு இரண்டு பக்கமும் இருப்பது சகஜம். இடுப்பு எக்ஸ்ரே மட்டும் எடுத்தால் தண்டின் நடுப்பகுதி படத்துக்குள் வராது, "நார்மல்" என்று ரிப்போர்ட் வரும். வெளிப்பக்கப் புறணி ஓரிடத்தில் மட்டும் தடித்து அலகு போலப் புடைத்திருக்கிறதா என்று குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் வலி நிற்கவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. அதுவரை அந்தக் காலில் எடை ஏற்றும் பயிற்சி எதுவும் வேண்டாம், கைத்தடி கொடுங்கள், அலென்ட்ரோனேட்டையும் நிறுத்தி வைக்கலாம். எலும்பில் தங்கியிருக்கும் மருந்து வருடக்கணக்கில் மெல்லத்தான் வெளியே வரும். நாலு வாரம் மாத்திரை இல்லாததால் குடி முழுகாது.

இது பயமுறுத்த எழுதியதில்லை, அளவும் தெரிந்திருக்க வேண்டும். தெற்கு கலிபோர்னியாவில் சுமார் 1.96 லட்சம் பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2020இல் வந்தது. அதில் இந்த முறிவு வந்தவர்கள் 277 பேர். ஆசிய வம்சாவளிப் பெண்களுக்கு வெள்ளையர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு அதிகம். அப்படியிருந்தும், 10,000 ஆசியப் பெண்கள் 3 வருடம் மாத்திரை எடுத்தால் தடுக்கப்படும் இடுப்பு முறிவு 91, மாத்திரையால் வரும் இந்த வித்தியாசமான முறிவு 8 என்றுதான் அவர்கள் கணக்கு வந்தது. மருந்து லாபம்தான். ஆனால் வருடம் கூடக்கூட அந்த 8 ஏறிக்கொண்டே போகும். நிறுத்தினால் சீக்கிரமே இறங்கும். மாத்திரைக்கு இடைவெளி விடும் யோசனைக்கு இந்த முறிவு ஒரு காரணம்.

அடுத்தது சிறுநீரகம். கிரியாட்டினின் 1.1 என்பதை லேப் நார்மல் என்றே அச்சடித்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 140இல் இருந்து வயது 71ஐக் கழித்தால் 69. அதை எடை 46ஆல் பெருக்கினால் 3174. அதை 72 × 1.1, அதாவது 79.2ஆல் வகுத்தால் 40. பெண் என்பதால் 0.85ஆல் பெருக்க, சிறுநீரகம் வடிகட்டுவது நிமிடத்துக்கு 34 மி.லி. சோலெட்ரோனிக் ஆசிடுக்கு 35க்குக் கீழே போகக் கூடாது. அலென்ட்ரோனேட்டுக்கும் அதே 35தான் கோடு. ஒல்லியான வயதான பெண்களிடம் கிரியாட்டினினை மட்டும் பார்த்து டிரிப் ஏற்றுவது நான் அதிகம் பார்க்கும் தவறு. தசை குறைவு, அதனால் கிரியாட்டினினும் குறைவாகவே காட்டும். வருட டிரிப் யோசனை இத்தோடு முடிந்தது.

"5 வருடம் போதும்" என்பதும் இவருக்குப் பொருந்தாது. அந்த விதி வந்தது பிளெக்ஸ் என்ற 2006 ஆய்விலிருந்து. 5 வருடம் அலென்ட்ரோனேட் எடுத்தவர்களில் ஒரு பகுதியினர் தொடர்ந்தார்கள், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. அடுத்த 5 வருடத்தில் மொத்த முறிவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வலியோடு வெளிப்படும் முதுகெலும்பு முறிவு, தொடர்ந்தவர்களில் 2.4%, நிறுத்தியவர்களில் 5.3%. அதனால்தான் 5 வருடம் கழித்தும் இடுப்பு டி-ஸ்கோர் −2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, முன்பே முதுகெலும்போ இடுப்போ முறிந்திருந்தாலோ இடைவெளி கிடையாது என்று வைத்திருக்கிறார்கள். இவர் இடுப்பு −2.7. அதோடு 5 செ.மீ. உயரம் குறைந்திருக்கிறது. 4 செ.மீ.க்கு மேல் குறைந்தாலே முதுகுக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வலியே இல்லாமல் அமுங்கிய முதுகெலும்பு நிறையப் பேருக்கு உண்டு.

ரத்தத்தில் சி.டி.எக்ஸ். (எலும்பு அரிக்கப்படும் வேகம்), பி1என்பி (எலும்பு உருவாகும் வேகம்), பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்), ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், டி.எஸ்.எச். (தைராய்டு பரிசோதனை), அல்புமின் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். சி.டி.எக்ஸ். காலை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும், சாப்பிட்டால் இறங்கிவிடும். முடிக்கென்று பயோட்டின் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் சில நாள் முன்பே நிறுத்தி, லேபிலும் சொல்லிவிட வேண்டும். பல கருவிகளில் அது அளவைப் பொய்யாகக் காட்டும்.

டெக்சா_அறை

ஸ்கேன் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த −2.3இலிருந்து −1.6 என்ற ஏற்றத்தை நம்பாதீர்கள்.

இரண்டு ஊர், இரண்டு இயந்திரம். ஹோலாஜிக் எடுத்ததையும் ஜி.இ. லூனார் எடுத்ததையும் நேராக ஒப்பிட முடியாது. ஒரே கம்பெனி இயந்திரமாக இருந்தாலும் இரண்டையும் ஒன்றோடொன்று ஒத்துப்பார்க்காமல் கழித்தல் கணக்கு போடக் கூடாது. ஒரே இயந்திரத்திலேயே ஒவ்வொரு மையமும் தன் பிழையளவைக் கண்டுபிடித்து வைத்திருக்க வேண்டும்: 30 பேரை இரண்டு முறை, அல்லது 15 பேரை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மேசையிலிருந்து இறக்கி ஏற்றி எடுக்க வேண்டும். வரும் பிழையை 2.77ஆல் பெருக்கினால் கிடைப்பதுதான் நிஜமான மாற்றத்துக்கான குறைந்தபட்ச அளவு. பிழை 1.8% என்றால் 5%க்குக் குறைவான எந்த ஏற்ற இறக்கமும் வெறும் இரைச்சல். "2% ஏறியிருக்கிறது, மருந்து வேலை செய்கிறது" என்று ரிப்போர்ட்டில் எழுதும் மையங்களிடம் இந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, கீழ்முதுகில் எல்1 முதல் எல்4 வரை ஒவ்வொரு எலும்பின் ஸ்கோரும் தனித்தனியாக ரிப்போர்ட்டின் அட்டவணையில் இருக்கும். சராசரியை மட்டும் பார்க்காமல் அதைப் படியுங்கள். அமுங்கிய எலும்பில் அதே தாது சின்ன பரப்பில் நெருங்கிக் கிடப்பதால் அடர்த்தி கூடுதலாகக் காட்டும். எலும்பு முள், பெருந்தமனியில் படிந்த சுண்ணாம்பு, வயிற்றில் கரையாமல் கிடக்கும் கால்சியம் மாத்திரை எல்லாமே ஸ்கோரை ஏற்றிவிடும். ஸ்கேனுக்கு முந்தின நாளே கால்சியத்தை நிறுத்தச் சொல்வது இதனால்தான். பக்கத்து எலும்பைவிட ஒன்றுக்கு மேல் வித்தியாசப்படும் எலும்பைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டு மீதியைச் சராசரி எடுக்க வேண்டும். குறைந்தது இரண்டு எலும்பாவது மிஞ்ச வேண்டும்.

தர்மபுரி என்று போட்டிருக்கிறீர்கள், எனவே இன்னொன்று. அந்த அம்மா பல வருடம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்தவரா? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி.யைத் தாண்டக் கூடாது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. புளோரைடு ஏறிய முதுகெலும்பு டெக்சாவில் பளிச்சென்று வெள்ளையாக, நல்ல ஸ்கோரோடு தெரியும். பல்லில் பழுப்புக் கறை இருக்கிறதா பாருங்கள், முன்கையில் ஒரு எக்ஸ்ரே எடுங்கள். இரண்டு எலும்புக்கும் நடுவில் உள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அது புளோரோசிஸ்.

"ஸ்கோர் ஏறினால் பலமா?" என்ற உங்கள் கேள்விக்கும் பதில் இதே புளோரைடில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் மாயோ கிளினிக்கில் மாதவிடாய் நின்ற 202 பெண்களுக்கு 4 வருடம் சோடியம் புளோரைடு 75 மி.கி., அல்லது வெறும் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1990இல் வந்தது. முதுகெலும்பு அடர்த்தி 35% ஏறியது. இன்றைக்கு இருக்கும் எந்த மருந்தும் 4 வருடத்தில் அவ்வளவு ஏற்றுவதில்லை. ஆனால் முதுகெலும்பு முறிவு சொல்லும்படி குறையவில்லை. மற்ற எலும்புகளில் முறிவு வெறும் மாத்திரைக் குழுவில் 24, புளோரைடு குழுவில் 72. உருவான எலும்பு கனமாக இருந்தது, ஆனால் சுண்ணக்கட்டி மாதிரி ஒடிந்தது.

நேர் எதிர் உதாரணம் ராலாக்சிபீன் என்ற எலும்புப்புரை மாத்திரை. முதுகெலும்பு அடர்த்தியை 2–3% தான் ஏற்றும், முதுகெலும்பு முறிவையோ 30% முதல் 50% வரை குறைக்கிறது. எலும்பை அரிக்கும் செல்கள் மெல்லிய குறுக்குச் சட்டங்களை அறுத்துவிடாமல் தடுத்தாலே பலம் காப்பாற்றப்படுகிறது. அது ஸ்கேனில் தெரியாது. ஆகவே டி-ஸ்கோர் யாருக்கு ஆபத்து என்று பிரித்துப் பார்க்க நல்ல கருவி. மருந்து பலம் கொடுத்ததா என்பதற்கு அது பாதி சாட்சி மட்டுமே, அதிலும் முதுகெலும்பைவிட இடுப்பு நம்பகமான சாட்சி.

முகாமில் குதிகாலை வைத்து இலவசமாகப் பார்ப்பது அல்ட்ராசவுண்ட். அதை வைத்து மருந்து தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

மருந்தகம்_மதுரை

5 வருடம் மாத்திரை "எடுத்தார்" என்றால் எப்படி எடுத்தார் என்று கேட்டீர்களா? அலென்ட்ரோனேட் வாய்வழி உறிஞ்சப்படுவது, எல்லாம் சரியாகச் செய்தாலும், 1%கூட இல்லை. 70 மி.கி.யில் அரை மி.கி. அளவுதான் ரத்தத்துக்குப் போகிறது. அதையும் கெடுப்பது ரொம்பச் சுலபம். காபியோடு போட்டால் அந்த அரையிலும் 60% போய்விடும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டால் கிட்டத்தட்ட ஒன்றுமே ஏறாது.

சரியான முறை: காலை எழுந்ததும், வாய்க்குள் வேறு எதுவும் போகும் முன், ஒரு பெரிய டம்ளர் சாதாரணத் தண்ணீர், 200 மி.லி.யாவது. பால், காபி, இளநீர், கால்சியம் அதிகமுள்ள மினரல் வாட்டர் எதுவும் ஆகாது. மாத்திரையைக் கடிக்கவோ சப்பவோ கூடாது. அரை மணி நேரம் உட்காரலாம், நிற்கலாம், நடக்கலாம். படுக்கவும் குனிந்து வேலை செய்யவும் கூடாது. உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கிவிடும். வாசல் பெருக்கிக் கோலம் போட்டுவிட்டுக் காபி குடிக்கலாம் என்று மாத்திரை போடுபவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கோலம்தான் பிரச்சினை. குறித்த நாள் மறந்தால் மறுநாள் காலை ஒன்று, பிறகு பழைய கிழமைக்கே திரும்பலாம். ஒரே நாளில் இரண்டு கூடாது.

இந்த அம்மாவிடம் இன்னொரு சிக்கல் தைராய்டு மாத்திரை. அதுவும் வெறும் வயிற்றில், இதுவும் வெறும் வயிற்றில். பலர் இரண்டையும் ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்கிவிடுகிறார்கள். அந்தக் கிழமை மட்டும் முதலில் அலென்ட்ரோனேட், அரை மணி கழித்துத் தைராய்டு மாத்திரை, அதிலிருந்து இன்னும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. கால்சியம் இரண்டுக்குமே ஆகாது. தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரம் தள்ளி, மதியச் சாப்பாட்டோடு போடட்டும். தைராய்டு மாத்திரை அளவு கூடி டி.எஸ்.எச். அடிமட்டத்துக்குப் போனால் அதுவே எலும்பைத் தின்னும், அதையும் பார்க்க வேண்டும்.

பான்டோபிரசோல் எடுப்பவருக்குக் கால்சியம் கார்பனேட் சரியாகக் கரையாது, அதற்கு அமிலம் வேண்டும். சிட்ரேட்டுக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். பெட்டியில் 1250 மி.கி. கார்பனேட் என்று போட்டிருந்தால் உள்ளே கால்சியம் 500 தான். ஒரு நாளைக்கு வேண்டியது எல்லாம் சேர்த்து 1200 மி.கி.; அவ்வளவையும் மாத்திரையாகப் போட வேண்டியதில்லை. உங்கள் ஊரில் ராகிக் களி உண்டே, 100 கிராம் ராகி மாவில் ஏறக்குறைய 350 மி.கி. இருக்கிறது. இரண்டு டம்ளர் பாலோ மோரோ தயிரோ கூடினால் மாத்திரை ஒன்றே போதும். பான்டோபிரசோல் உண்மையிலேயே தேவையா என்றும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். வருடக்கணக்கில் எடுப்பவர்களிடம் எலும்பு முறிவு சற்று அதிகம் காணப்படுகிறது.

வைட்டமின் டி 19 என்பது போதாது. 60,000 யூனிட் சாஷே வாரம் ஒன்று, 8 வாரம், பிறகு மாதம் ஒன்று என்பது வழக்கமான முறை. சீட்டில் "வாரம் ஒன்று" என்று மட்டும் எழுதியிருப்பதால் வருடக்கணக்கில் வாங்கிப் போகிறவர்களும் உண்டு. 8 வாரம் முடிந்ததும் அட்டையில் தேதி மாற்றி எழுதிக் கொடுங்கள்.

பிசியோ_தர்மபுரி

எல்லோருக்கும் நன்றி. வந்த ரிப்போர்ட்டுகள் இவை.

இரண்டு தொடையும் எக்ஸ்ரேயில் சுத்தம், புடைப்பு எதுவும் இல்லை. கைத்தடியோடு வலியும் குறைகிறது. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் எல்1 முன்பக்கம் 30% அமுங்கியிருக்கிறது, பழைய முறிவு என்கிறார்கள். டெக்சா அட்டவணையில் எல்1 மட்டும் −0.3, மற்ற மூன்றும் −2.0 பக்கம். முன்கை எக்ஸ்ரேயில் சவ்வில் சுண்ணாம்பு இல்லை, பல்லிலும் கறை இல்லை.

சி.டி.எக்ஸ். 560 பிகோகிராம். பி1என்பியும் அடங்கவில்லை. பி.டி.எச். லேசாகக் கூடுதல், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நார்மல், டி.எஸ்.எச். 0.2. மாத்திரை போட்ட விதம்: தைராய்டு மாத்திரையோடு சேர்த்து, பத்து நிமிடத்தில் காபி. 5 வருடமும் அப்படித்தான்.

இனி என்ன?

எண்டோ_கோவை

ஒழுங்காக உள்ளே போன அலென்ட்ரோனேட் மூன்று மாதத்திலேயே சி.டி.எக்ஸ்.ஐப் பாதிக்கு மேல் இறக்கிவிடும். 5 வருடம் கழித்து 560 என்றால் மருந்து எலும்பைத் தொடவே இல்லை என்று அர்த்தம். சிறுநீரகம் மந்தமானால் சி.டி.எக்ஸ். கொஞ்சம் தேங்கும், ஆனால் பி1என்பியும் சேர்ந்து கூடுதலாக இருப்பதால் அந்தச் சாக்கு இங்கே எடுபடாது. வித்தியாசமான தொடை முறிவுக்கான பயமும் இதனால் நிறையக் குறைகிறது. வலி மட்டும் திரும்பி வந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கத் தயங்க வேண்டாம். எல்1ஐத் தள்ளினால் முதுகெலும்பு −2.0. வேறு இயந்திரத்தின் பழைய −2.3ஓடு இதை ஒப்பிட்டு ஸ்கோர் ஏறியது என்று சொல்ல முடியாது. எலும்பு நொறுங்கியதைத்தான் முன்னேற்றம் என்று படித்திருக்கிறார்கள்.

மாத்திரையைச் சரியாகப் போட வைத்து மறுபடி தொடங்கலாமே என்று தோன்றும். சிறுநீரகக் கணக்கு 34இல் நிற்பதால் முடியாது.

மிஞ்சுவது இரண்டு வழி. வரிசை முக்கியம், அதைத் தலைகீழாக மாற்றினால் நஷ்டம்.

எலும்பு முறிவு ஏற்கனவே இருப்பதால் என் முதல் தேர்வு டெரிபாராடைடு. மற்றவை எலும்பு அரிக்கப்படுவதைத் தடுக்கும், இது எலும்பை வளர்க்கும். வெரோ என்ற 2018 ஆய்வில், முதுகெலும்பு முறிந்திருந்த பெண்களில் ஒரு பாதிக்கு டெரிபாராடைடு, ஒரு பாதிக்கு ரிசெட்ரோனேட் (இதுவும் பிஸ்பாஸ்போனேட் மாத்திரை) கொடுத்தார்கள். 2 வருடத்தில் புதிய முதுகெலும்பு முறிவு 5.4%க்கு எதிராக 12%. தினமும் 20 மைக்ரோகிராம், தொடையிலோ வயிற்றிலோ தோலுக்கு அடியில், 18 முதல் 24 மாதம். தொடங்கும் முன் வைட்டமின் டியைச் சரிசெய்து பி.டி.எச்.ஐ மறுபடி பார்க்க வேண்டும். டி குறைவால் ஏறிய பி.டி.எச். அப்போது இறங்கிவிடும், இறங்காமல் கால்சியமும் கூடுதலாக இருந்தால் பாராதைராய்டு சுரப்பியிலேயே கோளாறு, டெரிபாராடைடு கூடாது. எலும்பில் கதிர்வீச்சு வாங்கியவர், எலும்புக்குப் பரவிய புற்றுநோய் உள்ளவர், காரணம் தெரியாமல் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏறியவர் ஆகியோருக்கும் வேண்டாம். எலும்புப் புற்று பற்றிய எலி ஆய்வை வைத்து அமெரிக்காவில் ஒட்டியிருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையை 2020இல் எடுத்துவிட்டார்கள்.

நடைமுறையில் கெடுவது பேனா. 2 முதல் 8 டிகிரியில், பிரிட்ஜின் கதவில் அல்லாமல் நடுத்தட்டில். உறைந்தால் தூக்கிப்போட வேண்டும். 28 நாள் ஆனதும் உள்ளே மீதி இருந்தாலும் வீச வேண்டும். முதல் சில ஊசிகளுக்குப் பிறகு எழுந்ததும் தலை சுற்றும், எனவே உட்கார்ந்தபடி போட்டுச் சற்று நேரம் அப்படியே இருக்கட்டும். முடித்த கையோடு எலும்பு அரிப்பைத் தடுக்கும் மருந்து ஒன்று தொடங்க வேண்டும். இடைவெளி விட்டால் 2 வருடம் கட்டியது ஒரு வருடத்தில் கரையத் தொடங்கும்.

தினமும் ஊசி போட ஆளில்லை, செலவு தாங்காது என்றால் டெனோசுமாப் 60 மி.கி., 6 மாதத்துக்கு ஒன்று. சிறுநீரகம் வழியாக வெளியேறுவதில்லை, 34 தடையில்லை. டெனோசுமாப்பை வைத்து நடந்த பிரீடம் ஆய்வில் 3 வருடத்தில் முதுகெலும்பு முறிவு 68%, இடுப்பு முறிவு 40% குறைந்தது. நல்ல மருந்து. ஆனால் இரண்டு பள்ளம். ஒன்று, சிறுநீரகம் மந்தமானவருக்குக் கால்சியம் திடீரென இறங்கும். போட்டு 10 நாள் வாக்கில்தான் அடிமட்டம் வரும். வைட்டமின் டி 30ஐத் தாண்டிய பிறகு போட்டு, 10 முதல் 14 நாளில் கால்சியம் பார்க்க வேண்டும். வாயைச் சுற்றி மதமதப்பு, கைவிரல் இழுப்பு வந்தால் அன்றே. இரண்டாவது பள்ளம் நிறுத்துவது. பிஸ்பாஸ்போனேட் எலும்பில் தங்கும், இது தங்காது. 7 மாதம் தாண்டினால் அடக்கி வைத்திருந்த அரிப்பு செல்கள் ஒன்றாகக் கிளம்பி, ஒரே சமயத்தில் இரண்டு மூன்று முதுகெலும்புகள் அமுங்கியவர்கள் இருக்கிறார்கள். நிறுத்துவதென்றால் பின்னால் பிஸ்பாஸ்போனேட் போட்டே நிறுத்த வேண்டும். இவருக்குச் சிறுநீரகம் அதற்கும் இடம் கொடுக்காது. ஆகவே டெனோசுமாப் தொடங்குவது என்றால், கிட்டத்தட்டக் காலம் முழுவதும் என்று குடும்பம் தெரிந்தே தொடங்க வேண்டும்.

"முதலில் டெனோசுமாப், பிறகு பார்த்து டெரிபாராடைடு" என்ற யோசனை வந்தால் மறுத்துவிடுங்கள். பாஸ்டனில் நடந்த டேட்டா-ஸ்விட்ச் ஆய்வு இதைத்தான் காட்டியது: டெரிபாராடைடிலிருந்து டெனோசுமாப் போனவர்களுக்கு அடர்த்தி ஏறிக்கொண்டே போனது, எதிர்த்திசையில் மாறியவர்களுக்கு முதலில் கீழே இறங்கியது.

ரோமோசோசுமாப் மாதம் 210 மி.கி., ஒரு வருடம் என்று ஒன்று இருக்கிறது, வேகமாக வேலை செய்யும். கடந்த ஒரு வருடத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்குக் கூடாது. முழு இதயப் பரிசோதனை இல்லாமல் 71 வயதில் அதைத் தொடமாட்டேன்.

டி.எஸ்.எச். 0.2 என்பதைத் தைராய்டு டாக்டர் கவனிக்கட்டும். காபியைத் தள்ளிக் குடிக்கத் தொடங்கினால் அந்த மாத்திரை இன்னும் நன்றாக ஏறலாம், அளவு குறைய வேண்டி வரலாம். உங்கள் பக்கத்தில், எல்1 முறிந்தவருக்குக் குனிந்து காலைத் தொடும் பயிற்சி, படுத்து எழும் வயிற்றுப் பயிற்சி எதுவும் வேண்டாம். முதுகை நிமிர்த்தும் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் போதும்.

பல்_மேசை

பல்லை இப்போதே எடுத்துவிடுங்கள், டெனோசுமாப் தொடங்கும் முன். எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அளவு மருந்தில் தாடையெலும்பு செத்துப்போவது அபூர்வம், ஆனால் பெரும்பாலும் பல் பிடுங்கிய இடத்தில்தான் தொடங்குகிறது. பிடுங்கியபின் ஈறு மூடிய பிறகு, சுமார் 6 முதல் 8 வாரம் கழித்து ஊசி போடலாம். டெரிபாராடைடு என்றால் காத்திருக்கவே வேண்டாம். புகையிலை போடுகிறாரா என்று கேளுங்கள், புண் ஆறுவதைக் கெடுப்பதில் அதற்கு முதலிடம். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு ஒரு வாரம்.

பின்னாளில் டெனோசுமாப் போய்க்கொண்டிருக்கும்போது பல் எடுக்க நேர்ந்தால், ஊசியை மாதக்கணக்கில் தள்ளி வைக்கச் சொல்லும் பல் டாக்டர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். அடுத்த ஊசிக்குச் சற்று முன்பு பல்லை எடுத்து, ஊசியை நாலு வாரத்துக்கு மேல் தள்ளாமல் போட்டுவிட வேண்டும்.

பிசியோ_தர்மபுரி

பல் இந்த வாரம். மகள் பக்கத்திலேயே இருப்பதால் டெரிபாராடைடு தினமும் போட முடியும் என்கிறார்கள். 24 மாதம் முடியும்போது அடுத்த மருந்து டெனோசுமாப்தானா?

எண்டோ_கோவை

அன்றைய கிரியாட்டினினையும் எடையையும் வைத்து அதே கணக்கை மறுபடி போடுங்கள். 35க்கு மேல் தெளிவாக நின்றால் சோலெட்ரோனிக் ஆசிட் வைக்கலாம். முடிவு கட்டுப்பாட்டில் இருக்கும், நிறுத்துவதும் எளிது. கீழே என்றால் டெனோசுமாப். டெரிபாராடைடு 22ஆவது மாதம் போகும்போதே இந்தச் சந்திப்புக்கு நாள் வாங்கிவிடுங்கள், கடைசிப் பேனா தீர்ந்தபின் அல்ல. டெனோசுமாப் என்றானால் அட்டையில் "6 மாதம் கழித்து" என்று எழுதாமல் நாள், மாதம், வருடம் போட்டு எழுதி, மகளின் போனிலும் 15 நாள் முன்பாகவே அலாரம் வைத்துவிடச் சொல்லுங்கள்.